நவநாளில் வெட்டின கூம்பு

ஸ்ரனிஸ்லஸ் அண்ணை வெட்டி எறிந்த கூம்பைச் சருகுக் குவியலுக்குள்ளிருந்து இழுத்தெடுத்தேன். ஒரு பக்கம் நனைந்து ஊறியிருந்தது. பெருநாளுக்கு முந்தின நவநாளென்று மாதா கோயில் வளவைத் துப்புரவாக்கினாராம்! முள்ளிவாய்க்கால் கரையில் மிஞ்சியவை, ஈச்சை போல் ஓலை விரிக்கும் இரண்டே சைக்கஸ் மரங்கள். கோயில் வாசலில் ஆண், இந்தக் கூம்பு அதனுடையது. அண்ணையின் வேலிக்குள், ஷெல் கொத்திய தண்டோடு பெண். இத்தனை வருடத்தில் இந்த முறைதான் இரண்டும் ஒன்றாகப் பூத்தன. அதற்குள் இந்த மனிதர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பெருநாளும் மண்ணாங்கட்டியும் என்று கத்திவிட்டேன்.

"செத்த எலி மாதிரி மணந்தது ரீச்சர். பூசைக்கு வாற சனம் மூக்கைப் பொத்துதுகள். நான் என்ன கண்டன்?"

காய்ந்த பக்கத்துச் செதில்களைத் தட்டி, விழுந்த மஞ்சள் தூளில் ஒரு சிட்டிகையைச் சீனித்தண்ணீரில் இட்டுப் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் வைத்தேன். உலர்ந்த மகரந்தமணி ஒற்றைப் பள்ளத்தோடு வள்ளம் போலிருக்கும். நீர் பட்டால் உருண்டையாகும். செத்த மணியும் அப்படித்தான் உருளும். குழாய் முளைத்தால்தான் உயிர் இருக்கிறதென்று நம்பலாம்.

"அப்பிடியே கொண்டுபோய்த் தூவினா என்ன?"

"செத்த தூளெண்டாலும் பெண்பூ தன்ரை வாயில கசியிற துளியோட உள்ள இழுத்துப்போட்டு வாயை மூடிடும். பிறகு ஆரிட்டப் போறது?"

மூன்றாம் நாள் பின்னேரம், பெருநாள் ஊர்வலத்தில் மாதாவின் சுரூபக்கூடு தூக்க உடுத்த வெள்ளைச் சேட்டோடு அண்ணை ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார். உருண்டைகள், வெறும் உருண்டைகள். கண்ணாடித் தட்டை ஓரத்துக்கு நகர்த்தினேன். ஒரு மணியில் முளைகட்டிய பயறு போலச் சின்னப் புடைப்பு, குழாய்தான். பக்கத்தில் இன்னொன்று.

"அண்ணை, ஏணி எடுங்கோ!"

கோயில் மணி அடித்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார். அவருடைய தகப்பனுக்குப் பிறகு சுரூபக்கூட்டின் முன்தடி அவருடைய தோளுக்குத்தான்.

"ஆரும் தோள் குடுப்பாங்கள். நடவுங்கோ ரீச்சர்."

பெண் மரத்தடியில், "ஏணி ஆடும், நான் ஏறுறன்" என்று கையை நீட்டினார். வெட்டின கையிலேயே தூளையும் தூரிகையையும் கொடுக்க மனமே வரவில்லை. கொடுத்தேன்.

"மூச்சு விட்டா தூள் பறந்திடும், கவனம்."

கோயிலில் வெடி கொளுத்தினார்கள். ஏணியை இறுக்கிப் பிடித்தேன். மேலே அவர் திரும்பவேயில்லை. கடற்காற்றுக்கு ஒரு கையை மறைப்பாகப் பிடித்திருந்தார்.

"துளி தூளை இழுக்குதோ அண்ணை? சொல்லுங்கோவன்!"

மூச்சை அடக்கியபடியே, ஓமென்று தலையை மட்டும் மெல்ல ஆட்டினார்.