கயிறு இல்லாத கடல்

ஃபெமினாவும் அவள் கணவன் ஆண்ட்ரூஸும் பெங்களூரில் ஒரு பெரிய வீடியோ கேம் நிறுவனத்து வேலையை விட்டு ஆவூருக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சொந்தமாக ஒரு கேம் செய்திருந்தார்கள். அதில் நேரம் முடிவதற்குள் படகு நிறைய மீன் பிடித்துக் கரை சேர வேண்டும். இப்போது பழைய நிறுவனம் திரும்பக் கூப்பிட்டது. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ஜெகதாப்பட்டினத்து மீன்காரங்கள்ல ஒருத்தராவது ஆடி ஜெயிச்சா ஆவூர்லயே இருப்போம். இல்லாட்டி கிளம்பிருவோம்" என்றாள் ஃபெமினா.

ஜெகதாப்பட்டினத்தில் அன்று படகுகள் கடலுக்குப் போகாத நாள். ஐஸ் கம்பெனி வாசலில் லேப்டாப்பை வைத்தார்கள். விசைப்படகு ஓட்டும் முனியசாமி முதலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மீன் கூட்டத்தைத் துரத்தியவர், சட்டென்று படகைத் திருப்பினார்.

"அண்ணே, மீனு இங்கிட்டு இருக்கு" என்றான் ஆண்ட்ரூஸ்.

"இருக்கட்டும் தம்பி. அங்கிட்டு ஒரு படகு அலைக்குக் குறுக்கால கெடக்கே. எஞ்சின் நின்னு போச்சு போல."

கடல் வெறுமையாகத் தெரியக் கூடாது என்று ஆண்ட்ரூஸ் வரைந்து வைத்த வெறும் படம் அது. முனியசாமி அதன் பக்கத்தில் போய் நின்றார்.

"கட்டி இழுக்கக் கயிறு எங்க தாயி?"

"கயிறு வைக்கலண்ணே" என்றாள் ஃபெமினா.

"கயிறில்லாமயா கடலுக்கு அனுப்புனீங்க?"

அவர் நகரவில்லை. நேரம் முடிந்து, தோற்றுவிட்டதாகத் திரை சொன்னது.

மீன் விற்கும் புவனேஸ்வரி கெக்கலித்தாள். "ஒத்த மீனுக்கு வக்கில்ல, பெரிய டிரைவராம்! தள்ளுங்க." அவள் மளமளவென்று மீன் பிடித்தாள். அந்தப் படகு கண்ணில் பட்டதும் பேச்சு நின்றது. அவளும் அதன் பக்கத்தில் போய் நின்றாள்.

அடுத்து ஆடியவர்களும் அப்படியே. பொம்மைப் படகுதான் என்று ஆண்ட்ரூஸ் சொல்லியும் பார்த்தான்.

"தெரியுது தம்பி. அதுக்காக விட்டுட்டு வாரதா?" என்றாள் புவனேஸ்வரி.

ஃபெமினாவுக்கு மெய் சிலிர்த்தது. ஞாயிறு பூசையில் அப்பம் உயர்த்தப்படும்போது கோயிலில் இறங்கும் அமைதி, மீன்வாடை அடிக்கும் இந்த வாசலில் இறங்கியிருந்தது. ஆளே இல்லாத படகுக்கு இத்தனை பேர் துணை. ஆண்டவர் மனிதரை இப்படித்தான் படைத்திருக்கிறார், நாங்கள்தான் அவர்களை மீனை மட்டும் எண்ணச் சொன்னோம் என்று தோன்றியது.

"ஒருத்தரும் ஜெயிக்கல. பெட்டியக் கட்டணுமா?" என்று லேப்டாப்பை மூடப் போனான் ஆண்ட்ரூஸ்.

"கயிறு செய்ய எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டாள் ஃபெமினா.

"இழுக்கணும், பாரம் தெரியணும்... ஒரு மாசமாவது ஆகும்."

"அப்ப பெங்களூருக்கு வரலன்னு போன் போட்டுச் சொல்லிருங்க."

கிளம்பிய முனியசாமி திரும்பிப் பார்த்தார். "ஒரு மாசமா? அதுவரைக்கும் அதுல இருக்கிறவங்களுக்குக் குடிக்கத் தண்ணி வேணுமே தாயி."

ஆண்ட்ரூஸ் சிரிக்கவில்லை. போன் பேசி முடித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அந்தப் படகில் ஒரு தண்ணீர்க் கேனை வரைந்தான்.