உடுத்திய சேலை

பெட்டியைத் திறந்ததும் மாதம்மாளின் கண்ணில் முதலில் பட்டது கத்தரிப்பூ நிறச் சேலைதான். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறிய அவள் புருஷன் வேடியப்பன், பத்து வருஷம் கழித்து அன்றைக்குத்தான் கொட்டச்சேடு எஸ்டேட்டுக்குத் திரும்பியிருந்தான். அத்தனை வருஷமும் அவள் கூலிகளுக்கான இந்த லைன் வீட்டில் ஒண்டியாகக் கிடந்தாள். பகலெல்லாம் காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்து ஒருத்திக்கு மட்டும் களி கிண்டினாள். அது எவ்வளவு சலிப்பான வேலை என்று தனியாக இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சிவிடும்.

சேலையைத் தடவிப் பார்த்தாள். துவண்டிருந்தது.

"ஏனுங்க, ஆரோ கட்டுன சேலையாட்டம் இருக்குதுங்களே?"

"சுங்கத்துக்காவ புள்ள. அந்தத் தீவுல கப்பல்ல எறங்குற எல்லாத்துக்கும் வரி. அரிசிக்கு, சீமெண்ணெய்க்கு, கட்டுற துணிக்கு. அதெல்லாம் சேத்துத்தான் கடைக்காரன் வெல சொல்லுவான். இங்க மெட்ராசுல எறங்குனா மறுக்கா பொட்டியத் தொறந்து பாப்பாங்க. புதுசுன்னா வரி, உடுத்துனதுன்னா உட்டுருவாங்க. அதான் கப்பல்ல ஒருத்திகிட்டக் குடுத்து ஒருநா கட்டச் சொன்னேன்."

ஊரில் இருந்தவரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவன், இதைத் தடங்கலே இல்லாமல் சொன்னான். நியாயமாகத்தான் பட்டது. நம்பிவிடத்தான் அவளுக்கும் ஆசை. எழுந்து சேலையை இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். கரையைப் பாதத்தோடு நிறுத்தினால், செருகிச் செருகி வெளுத்த கோடு அவள் இடுப்புக்கு நாலு விரல் மேலே நின்றது.

"நொம்ப உசரமோ அவ?"

வேடியப்பன் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினான்.

"ஒருநாள்ல இப்பிடிக் கோடு உழுகாதுங்க."

பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் மாதம்மாள் இங்கே சுவரைப் பார்த்துக் கிடந்தபோது, கடலுக்கு அந்தப் பக்கம் அவனுக்கு அது கிடைத்திருக்கிறது. பெட்டியில் தனக்கென்று வேறு ஏதாவது இருக்கிறதா என்று துழாவக் கை பரபரத்தது. துழாவவில்லை.

"அவள அங்கயே உட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ஆமா புள்ள" என்றான். பெட்டி மூடியைச் சாத்திவிட்டு, "மண்ணுக்குள்ள" என்றான்.

அடுப்பில் விறகு சரிந்தது. அவள் தள்ளிவிடவில்லை.

"சுங்கத்துல எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தாங்க. இத மட்டும் பழசு, இதுக்கு வெலையே கெடையாதுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க" என்றான்.

காலையில் மாதம்மாள் வழக்கம்போல ஒரு ஆளுக்கு மாவு எடுத்தாள். பிறகு நினைவு வந்து இன்னொரு கை அள்ளிப் போட்டாள். கிண்டி மூடி வைத்துவிட்டு, தன் பழைய சேலையிலேயே கூடையோடு சரிவில் இறங்கினாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். வாசல் கொய்யாக் கிளையில் அந்தச் சேலையை விரித்துப் போட்டுவிட்டு, அதன் முந்தானையைப் பிடித்தபடி வேடியப்பன் நின்றிருந்தான். மேலேயிருந்து மஞ்சு பனிமூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் அவன் மறைந்தான். கத்தரிப்பூ நிறம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தெரிந்தது.