உட்காரக் கூடாத நாற்காலிகள்

அருங்காட்சியகத்தின் மூன்றாவது கூடம் முழுக்க உலகம் உட்கார்ந்த சாமான்கள்தான். தந்தம் பதித்த அரியணை, படைத்தளபதியின் மடக்கு நாற்காலி, ஒட்டகச் சேணம், பிள்ளை பெறுகிறவளுக்கென்று நடுவில் வெட்டிய முக்காலி. வேலை செய்கிறவர்கள் உட்கார மட்டும் ஒரு ஸ்டூல் கிடையாது. அங்கே கைடாக இருக்கும் அவள் கேட்டுப் பார்த்தாள். "கைடு உட்கார்ந்தா பாக்கறவங்களுக்குச் சோம்பேறித்தனமா தெரியும்மா" என்று காப்பாட்சியர் முடித்துவிட்டார். அன்றிலிருந்து காவலாளியின் கிண்டலில் அவள் சங்கத் "தலைவி".

வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். படித்தால் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று ஆசை காட்டித்தான் படிக்க வைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் குதிகால் இரண்டும் அவளுடையவையாகவே இருக்காது. வேலையும் இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று இந்த மாதக் கடைசியில் காப்பாட்சியர் முடிவு செய்வார்.

மகள் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்க அன்றைக்கு அம்மா வந்திருந்தாள். ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நின்று நின்றே கால் வீங்கியவள்.

"இது யாரோடது?"

"ஒரு ராஜாவோடது."

"அது?"

"அதுவும் ராஜாவோடதுதாம்மா."

"இந்த ராஜாக்களுக்குக் கால்னு ஒண்ணு இருந்துச்சா இல்லியா?"

மகளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. "இந்தக் குட்டை மணை மட்டும் மாடு கறக்கறவங்களோடது" என்று கயிற்றுக்கு அப்பால் காட்டிவிட்டு, காத்திருந்த கூட்டத்தை அடுத்த மூலைக்கு அழைத்துப் போனாள்.

அரியணையைப் பற்றிப் பாதி சொல்லிக்கொண்டிருக்கையில் எச்சரிக்கை மணி அலறியது. ஓடி வந்தால், கயிற்றைத் தாண்டி அந்த மணையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். மாடு கறக்கிறவள் உட்கார்ந்ததுதானே என்று நினைத்திருப்பாள். எழுந்திருக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. மகளுக்குப் பின்னாலேயே காவலாளியும் காப்பாட்சியரும் வந்துவிட்டார்கள்.

அம்மா காப்பாட்சியரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"மேடம், கொஞ்சம் கை குடுங்க. முட்டி பிடிச்சுக்கிச்சு."

பெற்ற மகளிடம்தான் சொன்னாள். அந்தக் கண்ணில் 'வாயைத் திறக்காதே' என்ற மிரட்டல் இருந்தது. அவளும் கையைக் கொடுத்து, "பாத்து எழுந்திருங்க" என்றாள். அந்த 'ங்க' தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

காப்பாட்சியர் குனிந்து மணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வேளை, ஒண்ணும் ஆகல. எங்கேருந்துதான் வருதுங்களோ இதுங்கல்லாம்" என்று முனகியவர் நிமிர்ந்தார். "நீ நல்லா சமாளிச்சம்மா. நமக்கு இப்படி ஆள்தான் வேணும்."

'சரி சார்' என்று சொல்லியிருந்தால் வேலை நிரந்தரம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இதுங்கன்னு சொன்னீங்களே, அது எங்கம்மா சார்."

காவலாளி விட்டத்தைப் பார்த்தார். காப்பாட்சியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். "சரி, மாசக் கடைசில பேசிக்கலாம்." அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்பது குரலிலேயே தெரிந்துவிட்டது.

வெளி வராந்தாவுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? நான்தான் அழகா நடிச்சு முடிச்சுட்டேன்ல?"

"நீ என்னை மேடம்னு கூப்பிட்ட."

"கூப்பிட்டா தேய்ஞ்சா போயிடுவ? சலவைக்கூடத்துல நேத்து வந்தவளைக்கூட அப்படித்தான் கூப்பிடறேன்."

"அதுக்காக என்னையுமா?"

"நாளைக்குப் போய் அந்தாளுகிட்ட மன்னிப்பு கேளு."

"எதுக்கு?"

"எதுக்கோ. வேலை வேணும்ல?"

சண்டை போட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. "பார்க்கலாம்மா" என்றாள். மன்னிப்புக் கேட்க மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.