மிஞ்சிய ஒரு சொல்

நற்கருணைப் பாத்திரத்தைப் பட்டுத்துணியால் மூடி நெஞ்சோடு அணைத்தபடி பங்குக் குரு ஹரித்தோன் சாமி மூன்று தெரு நடந்து வந்திருந்தார். ஆகஸ்டு முதல் நாள். காலை ஒன்பது மணிக்கே படிக்கல் காலைச் சுட்டது. மிர்சினி மேசைமேல் வெள்ளை விரிப்பு போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, கணவர் இக்னாத்திஸுக்குச் சவரம் செய்துவிட்டு, சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை மாட்டி உட்காரவைத்திருந்தாள். சாமி சின்னக் கரண்டியை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனார். இக்னாத்திஸ் நிமிர்ந்து அன்போடு அவரைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு, ஓர் எழுத்துகூடக் குழறாமல், தெளிவாகச் சொன்னார்:

"நாசமாப் போ."

மிர்சினி கையிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். சாமியின் கரண்டி அசையவில்லை. இக்னாத்திஸ் குழந்தைபோல வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவேயில்லை.

வாசல்வரை வந்த மிர்சினியால் சாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் அவளைவிட இருபது வயது இளையவர். ஊருக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

"எதுக்கும்மா இப்படி வெக்கப்படுறீங்க? நம்ம ஆண்டவரே ஒருநாள் பசியில, பழமில்லாத அத்திமரத்தப் பாத்துக் கிட்டத்தட்ட இதத்தான சொன்னாரு."

"அத்திமரம் பட்டுப்போச்சே சாமி," என்றாள் மிர்சினி.

சாமி பாத்திரத்தை மறுபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மாதா திருநாளுக்கு முந்திய பதினான்கு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு மன்றாட்டு உண்டு, இக்னாத்திஸை அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மிர்சினி தலையாட்டினாள். கூட்டிப்போகும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை.

ஜனவரியில், ஒலிவக்காய் அடித்து முடித்த கடைசி மரத்தடியில், காய் விழ விரித்த வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, பக்கவாதம் தாக்கி இக்னாத்திஸ் சரிந்து விழுந்தார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. உயிர் தங்கிற்று. வலது கால் பாதி தங்கிற்று. வலது கை தங்கவில்லை. பேச்சில் தங்கியது இந்த ஒரு சொல்தான். முப்பத்தெட்டு வருஷம் ஊர்க் கோயிலின் வலது மேடையில், தலைமைப் பாடகருக்கான இடத்தில், நின்று பாடிய மனிதர் அவர். எட்டுப் பண்ணும் புத்தகம் பார்க்காமல் வரும். "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்ற ஒரே வரியை நாற்பது தடவை நாற்பது விதமாகப் பாடுவார், ஒன்றைப்போல ஒன்று இருக்காது. இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் நாசமாப் போ. தண்ணீர் கொடுத்தால் அதற்கு நன்றியும் நாசமாப் போ. என்ன வேண்டுமென்பதை, அந்தச் சொல்லை இழுக்கிற விதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சன்னலைச் சாத்தச் சொல்வது ஒரு ராகம், முதுகு வலி ஒரு ராகம். அவருக்கு எல்லாம் புரிந்தது, அதுதான் கொடுமை. தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதை அவர் காது ஒவ்வொரு தடவையும் கேட்டது.

சொற்களெல்லாம் உள்ளேதான் இருக்கின்றன, வருகிற பாதைதான் இடிந்துவிட்டது என்றார் டாக்டர். திட்டு, வசவு மாதிரியான சொற்களுக்கு வேறு பாதை, அதனால்தான் அது தப்பியது என்றும் விளக்கினார். பேச்சுப் பயிற்சி தரும் பெண் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வருவாள். ஆகஸ்டில் அவளுக்கும் விடுமுறை.

மெல்போர்னிலிருந்து மகள் ஃபோத்தினி கூப்பிட்டபோது அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அப்பா பேசினார். மறுமுனையில் அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். போன் கைமாறியதும், "அம்மா, அவரு வாழ்நாள்ல இப்படிப் பேசுனதில்லையே," என்றாள். பிறகு, தயங்கித் தயங்கி, "அது உன் வார்த்தைம்மா."

மிர்சினிக்கு அது தெரியாமலா இருந்தது? தீர்ந்துபோன கேஸ் சிலிண்டரை, தக்காளியைக் கொத்தும் கோழியை, வரி ஆபீசிலிருந்து வந்த கடிதத்தை, எல்லாவற்றையும் அவள் அப்படித்தான் வாழ்த்துவாள். வருஷா வருஷம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் அதைச் சொல்லி அழுவாள். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அடுப்பு பற்றவில்லையென்றால் மறுபடி அதே சொல். வீட்டில் அவர் பாட்டும் அவள் வசவும் முப்பத்தெட்டு வருஷம் சேர்ந்தே ஓடியிருந்தன. பாட்டு போய்விட்டது. வசவு தங்கிவிட்டது.

சமையலறை மூலையில் இருந்த மாதா படத்தின் முன் அவள் இப்போது ஜெபிப்பதில்லை. சண்டைதான் போட்டாள். "முப்பத்தெட்டு வருஷம் ஒனக்குப் பாடுனாரு. அதுல ஒரு அடி விட்டுவச்சா என்ன கொறஞ்சிபோயிரும்? என் வாயில கெடந்த குப்பையத்தான் பொறுக்கி அவரு வாயில வைக்கணுமா?" இதைச் சொல்லிக்கொண்டே விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவாள், திரியைத் தூண்டுவாள். திட்டினாலும் விளக்கை அணையவிட மனம் வரவில்லை.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் இக்னாத்திஸ் எழுந்துவிடுவார். இடது கையை மட்டும் நுழைத்து, கறுப்புக் கோட்டைத் தோளில் தொங்கவிட்டு, கதவருகே போய் நிற்பார். அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். அவர் கைத்தடியால் கதவைத் தட்டுவார், அந்தச் சொல்லைக் கெஞ்சுகிற ராகத்தில் சொல்வார். ஆனால் ஒன்றை அவள் நிச்சயமாக அறிந்திருந்தாள். தீபமும் தூபமுமாக ஊரே நிற்கிற இடத்தில் ஒரு தடவை அது அவர் வாயிலிருந்து வந்தால் போதும். முப்பத்தெட்டு வருஷப் பாட்டை ஊர் மறந்துவிடும். அவர் செத்த பிறகும் அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான் சிரிக்கும். அதற்கு அவள் இடம் கொடுக்கமாட்டாள்.

அடுத்த வீட்டுப் பெலாயியா தன் பங்குக்கு யோசனை சொல்லிப் போனாள். இது கண்ணேறு என்றாள் முதலில். மறுநாள், கண்ணேறு இல்லை, உள்ளே ஏதோ புகுந்திருக்கிறது, ஓட்ட வேண்டும் என்றாள். நோயுள்ள உறுப்பை அச்சடித்த வெள்ளித் தகடு ஒன்றை மாதாவுக்கு நேர்ந்துகொள் என்றாள் மூன்றாவது நாள். அது ஒன்றுதான் மிர்சினிக்கு நியாயமாகப் பட்டது. பஸ் பிடித்துப் பட்டணம் போனாள். கடைக்காரர் பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டார். கண் இருந்தது. காது, கால், கை, இதயம், தொட்டில் பிள்ளை, வீடு, படகுகூட இருந்தது. நாக்கு இல்லை.

"நாக்க யாரும் நேந்துக்கிறதில்லம்மா. இருக்கிற நாக்கே போதும்னு நெனைக்கிறாங்க போல," என்று அவர் சிரித்தார். முழு ஆள் உருவம் ஒன்று இருக்கிறது, அதில் நாக்கும் அடக்கம்தானே என்று அதைச் சுற்றித்தர வந்தார். மிர்சினி வாங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. சொர்க்கத்திலும் இந்த வியாதிக்கு ஒரு பெட்டி இல்லை என்று எண்ணியபடி வழியெல்லாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

மன்றாட்டின் பத்தாம் நாள் மத்தியானம், பேச்சுப் பயிற்சிப் பெண் சொல்லிக்கொடுத்த முறைப்படி மேசையில் சாமான்களைப் பரப்பினாள். உப்பு ஜாடி, சர்க்கரை, கோப்பை, மூக்குக் கண்ணாடி. நோன்பு நாளாகையால் எண்ணெய்கூட இல்லாத அவித்த மொச்சைதான் இருவர் வயிற்றிலும். வீட்டுக்குள் அடுப்புச் சூடு.

"உப்பு. சொல்லுங்க. உ."

அவர் உதட்டைக் குவித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. குவிந்த உதடு அவள் கண்ணெதிரிலேயே வழுக்கி, பழைய தடத்தில் விழுந்தது. "நாசமாப் போ."

"இல்ல. என் வாயப் பாருங்க. உ."

பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை அவர் இடது கையால் ஜாடியைத் தள்ளிவிட்டார். ஜாடி உடைந்து உப்பு அறை முழுக்கச் சிதறியது. ஏழு மாதமாகக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி, இராத்திரி எழுந்து புரட்டிப் படுக்கவைத்து, யாரிடமும் வாய்விட்டு அழாமல் இருந்த மிர்சினிக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"நாசமாப் போ," என்றாள். கணவரைப் பார்த்து, ஒருமையில்.

சொன்ன வாயை அவள் பொத்திக்கொள்ளக்கூட இல்லை. இக்னாத்திஸ் அவளை உற்றுப் பார்த்தார். கோபப்படவில்லை. முன்பெல்லாம் அவள் அதைச் சொல்லும்போது, அவர் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அவளுக்காக ஒரு சிலுவை போடுவார். "வாயக் கழுவு மிர்சினி" என்று ஒரு குரலும் வரும். இப்போது அவர் இடது கை மெல்ல நகர்ந்து, மடியில் செத்துக் கிடந்த வலது கையை மணிக்கட்டில் பிடித்தது. அதை ஒரு பாரம்போலத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோனார். பிறகு வயிற்றுக்கு. அவர்கள் முறைப்படி முதலில் வலது தோளுக்கு. இடது தோளுக்குப் போகும்போது கை நழுவிற்று. மறுபடி எடுத்து வைத்து முடித்தார். வழக்கம்போல மூன்று விரல்களைச் சேர்க்க முடியவில்லை. சிலுவை என்னவோ முழுசாக இருந்தது.

மிர்சினி உப்புக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாதை இடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னது இந்த வழி தெரியாமல்தான் என்று தோன்றியது. இந்த மனிதரையா கதவைத் தாழிட்டு அடைத்து வைத்தோம்? யாருடைய மானத்துக்காக? அவள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், எழுந்து உப்பைக் கூட்டினாள். மணி அடித்தபோது கோட்டைத் தானே எடுத்து அவருக்குப் போட்டுவிட்டாள்.

சந்து ஏறிப் போய்ச் சேரப் பாதி மன்றாட்டு முடிந்திருந்தது. முப்பது பேர் இருப்பார்கள், பெண்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். கதவை ஒட்டிய கடைசி நாற்காலியில் அவரை உட்காரவைத்தாள். ஏதாவது ஆனால் வெளியே இழுத்துப் போக அதுதான் வசதி. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

இடது மேடையில் தூக்காஸ் பாடிக்கொண்டிருந்தார். படகு இஞ்சின் பழுது பார்ப்பவர். பதினோரு வருஷமாக இக்னாத்திஸோடு கோயிலுக்கு வெளியே பேச்சு கிடையாது. கிணற்றுக் கப்பி மாதிரிக் குரல் என்று இக்னாத்திஸ் ஒரு கல்யாண வீட்டில் சொன்னது அவர் காதுக்குப் போய்விட்டிருந்தது. வலது மேடை இந்நேரம் தூக்காஸ் கைக்கு வந்திருக்கும் என்றுதான் மிர்சினி நினைத்திருந்தாள். ஆனால் அங்கே யாரும் இல்லை. இருக்கை துடைத்துக் கிடந்தது, புத்தகம் அன்றைய பக்கத்தில் விரித்திருந்தது. தூக்காஸ் தன் பக்கத்து அடியை இடது மேடையில் பாடி முடித்து, விறுவிறுவென்று குறுக்கே நடந்து, வலது மேடையில் ஏறாமல் அதன் கீழே தரையில் நின்று மறு அடியைப் பாடினார். பிறகு திரும்ப நடந்தார். ஏழு மாதமாக இப்படித்தான் நடக்கிறார் என்பது, யாருமே அதை வேடிக்கை பார்க்காததிலிருந்து தெரிந்தது.

நடுவழியில் அவர் இக்னாத்திஸைக் கண்டார். அடியை முடித்துவிட்டு, கிரீஸ் போகாத நகத்தோடு கையைக் கால்சட்டையில் துடைத்தபடி நேராகக் கடைசி நாற்காலிக்கு வந்தார்.

"வேண்டாம் தூக்காஸ்," என்று மிர்சினி கிசுகிசுத்தாள். "வாயத் தொறந்தா அதுதான் வரும்."

"வரட்டும் அண்ணி. ஏழு மாசமா சுதி புடிக்க ஆளில்லாம ஒத்தையில கத்துறேன். கோயில் பூனைகூட ஊரவிட்டுப் போயிருச்சு." பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே. சுதிக்கு வார்த்தை வேணாமில்ல."

அந்தச் சபைக் கோயில்களில் வாத்தியம் கிடையாது. ஒருவர் பாட, இன்னொருவர் அடியில் ஒரே சுரத்தை வார்த்தையில்லாமல் இழுத்துப் பிடிப்பார். அது புதிதாகப் பாட வருகிற சிறுவர்களுக்குக் கொடுக்கிற வேலை. முப்பத்தெட்டு வருஷப் பாடகர் அதைக் கேட்டு என்ன செய்வாரோ என்று மிர்சினி அவர் முகத்தைப் பார்த்தாள். இக்னாத்திஸ் கைத்தடியை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார்.

வலது மேடைக்குப் படி ஒன்றுதான். அதில் ஏற இருவருக்கும் நேரமாயிற்று. ஹரித்தோன் சாமி தூபக்கலசத்தைக் கையில் பிடித்தபடி, அவசரமே இல்லாதவர்போல மாதா படத்தைப் பார்த்து நின்றார். தூக்காஸ் மெல்ல முனகிச் சுரம் கொடுத்தார். இக்னாத்திஸ் வாயைத் திறந்தார்.

"நாசமாப் போ."

கூரைவரை கேட்டது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தாள். பெலாயியா அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். நாற்காலி விளிம்பில் மிர்சினியின் நகம் பதிந்தது. எழுந்து ஓடிப்போய் அவரை இழுத்து வந்துவிடலாமா என்று கால் துடித்தது. ஆனால் அந்தச் சொல்லின் வால் இன்னும் நிற்கவில்லை. 'போ'விலிருந்த 'ஓ' கரகரத்து, அவர் நடையைப்போல ஒருபக்கம் சாய்ந்து, நொண்டி, மெல்லச் சுரத்தில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்து அங்கேயே நின்றது. தூக்காஸ் ஒரு கணம் அதைக் காதால் எடைபோட்டார். பிறகு அதன்மேல் தன் கப்பிக் குரலை வைத்துப் பாடத் தொடங்கினார்.

ஓரடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடியின் பாதியில் இக்னாத்திஸுக்கு மூச்சு தீர்ந்தது. சுதி அறுந்தது. பாடகர் எவரும் அந்த இடத்தில் நிறுத்தமாட்டார்கள், அது ஒரு சொல்லின் நடு. தூக்காஸ் நிறுத்தினார். பாதிச் சொல் வாயிலும் விரல் புத்தகத்திலுமாக நின்றார். சாமியின் கையில் தூபக்கலசத்தின் சங்கிலி அசையவில்லை. விசிறிகள் ஒவ்வொன்றாக மடியில் இறங்கின. யாரும் இருமவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை உணராமல் மிர்சினி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கறுப்புக் கோட்டுக்குள் இக்னாத்திஸின் தோள்கள், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக, மெல்ல மேலே எழும்பின.