பதினான்காம் நிமிடத்துத் தயக்கம்

என் தொட்டியில் இரண்டு முறை நடந்தது இன்று மூன்றாம் முறையும் நடக்கவேண்டும். என் ஆய்வை மதிப்பிடச் சென்னையிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் ஆத்மநாதன் சார் அதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்தால் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் நிற்கும். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் பிறர் கண்டவை. அது ஒன்றுதான் இந்தப் பவுசியா கண்டது. அது இல்லாமல் எனக்கு முனைவர் பட்டம் இல்லை.

எங்கள் கல்லூரி இலுப்பூர் சாலையில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகை. உள்ளே, ஒரு மீட்டர் நீளக் கண்ணாடித் தொட்டியில், மிட்டாய் கம்பெனிகள் வாங்கும் அதே குளுக்கோஸ் பாகை ஊற்றி வைத்திருக்கிறேன். அது பூமியின் உட்பகுதி. அதன்மேல் இரும்புத்தூள் கலந்த சிலிக்கோன் தகடு மிதக்கிறது. அது கடலடித் தட்டு. தகட்டின் முனையை அளவுகோலால் பாகுக்குள் கொஞ்சம் அழுத்திவிட்டால் போதும், பிறகு தன் கனத்தாலேயே வளைந்து கீழே இறங்கும். தொட்டியில் ஒரு நிமிடம் என்பது பூமியில் ஏறக்குறைய பத்து லட்சம் ஆண்டு. சிறுவயதில் கோட்டைப்பட்டினத்துக் கடலைப் பார்த்து நிற்கும்போது, அந்தத் தண்ணீருக்கு அப்பால் எங்கோ சுமத்ராவுக்கு அடியில் ஒரு தரையே சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து வேறு எதிலும் மனம் நிற்கவில்லை.

இறங்கும் தகடு தொட்டியின் அடியைத் தொட்டதும் நிற்கும். அது எல்லாருக்கும் தெரிந்தது. என் தகடோ பாதி வழியில், எதையும் தொடாமலே, பதினான்காம் நிமிடத்தில் தயங்கியது. ஏன் தயங்குகிறது என்று அறுபது பக்கம் எழுதியிருக்கிறேன்.

பத்தரை மணிக்கு முனையை அழுத்தினேன். என் வழிகாட்டி புவனேஸ்வரி மேடம் நேரத்தைச் சொன்னார். நான் தகட்டின் மேல் வைத்த புள்ளிகள் நகர்வதைக் குறித்துக்கொண்டே வந்தேன். பத்து நிமிடம். பன்னிரண்டு. தகடு சீராக இறங்கியது. இன்றைக்கு நிற்காது என்று நினைத்தேன். பதின்மூன்றரை. பதினான்கு.

நின்றது.

மேடம் என் தோளைத் தொட்டார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சொன்ன நேரத்துக்கு நிக்குதேம்மா. எங்க ஊர்ல பஸ்ஸுகூட இப்படி நிக்காது."

மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். அப்போது ஜன்னல் வழியே வந்த ஓர் ஈ பாகின்மேல் உட்கார்ந்தது. சிக்கிக்கொள்ளும் என்று பார்த்தேன். அது தகட்டின் ஓரம்வரை நடந்தது, கால்களைத் தேய்த்துக்கொண்டது, பறந்து போனது.

பாகின்மேல் ஈ நடக்க முடியாது.

விரல் நுனியால் தொட்டேன். ஈரமில்லை. கண்ணாடி மாதிரி தெளிந்த, கண்ணுக்கே தெரியாத ஓர் ஏடு, தகட்டின் ஓரங்களைச் சுற்றி விறைப்பாகப் பிடித்திருந்தது.

வாசலில் நின்ற உதவியாளர் ராசு அண்ணனிடம் போய், நான் இல்லாத நேரத்தில் தொட்டிப் பக்கம் என்ன செய்வார் என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

"ஈ மொய்க்குதுல்லம்மா. நீங்க கெளம்புனதும் ஃபேன இங்கிட்டு திருப்பி வச்சிட்டுத்தான் போவேன். காலைல வந்து நிப்பாட்டிருவேன். ஸ்வீட் ஸ்டால்ல எட்டு வருசம் நின்னவன், எனக்குத் தெரியாதா?"

"எப்ப இருந்துண்ணே?"

"மொத நாள்ல இருந்தே."

முதல் நாளிலிருந்தே. மூன்று முறையும் இரவெல்லாம் காற்று பட்டுப் பாகின் மேற்பரப்பு காய்ந்திருக்கிறது. தகடு நகர நகர ஏட்டிலிருந்த தளர்வு தீர்ந்து, பதினான்காம் நிமிடத்தில் இறுகியிருக்கிறது. அறுபது பக்கமும் இந்த ஏட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

நான் திரும்பி வந்ததும் மேடம் என் முகத்தைப் பார்த்தார். பாகைத் தொட்டும் ஈரமாகாத என் விரலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சார் கையெழுத்துப் போட்டுரட்டும்," என்றார், உதடு அசையாமல். "பெறகு பாத்துக்கலாம், பவுசியா."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. நான்கு வருடமாக எனக்காக அலைந்தவர். சாரின் பேனா மூன்றாவது வரியில் இருந்தது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் பேசாமல் தொட்டியருகில் இருந்த பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் கத்தியை நனைத்து, தகட்டின் பின்னோரத்தை ஒட்டி ஒரு கோடு கிழித்தேன். பிறகு இரண்டு பக்கவாட்டிலும்.

சார் எழுதுவதை நிறுத்திவிட்டு, என்ன செய்கிறேன் என்று கேட்டார்.

"மேல ஏடு கட்டியிருக்கு சார். அதுதான் புடிச்சு நிறுத்துது. முன்னாடி ரெண்டு தடவையும் அதுதான்னு நெனைக்கிறேன்."

வெளியே மாடு ஒன்று கயிற்றை இழுத்தது. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காமலே போனது. என் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். பிறகு முதல் புள்ளி நகர்ந்தது. இரண்டாவது நகர்ந்தது. தகடு பழைய வேகத்தில், எந்தத் தயக்கமும் இல்லாமல், பாகுக்குள் இறங்கத் தொடங்கியது.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். சார் எழுதிய மூன்று வரிகளையும் கோடு போட்டு அடித்தார். கோபமாகப் போட்டமாதிரித் தெரியவில்லை.

"அப்ப நாலாவது அத்தியாயம்?"

"இல்ல சார்."

மேடம் நேரத்தைச் சொல்வதை விட்டுவிட்டதால் நானே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். முப்பத்து நான்காம் நிமிடத்தில் தகட்டின் முனை தொட்டியின் அடியைத் தொட்டது. அங்கே, எல்லாருடைய தகடும் நிற்கிற இடத்தில், என்னுடையதும் நின்றது.