காரியதரிசிக்கு வந்த கடிதம்

எங்கள் வாலிபர் சங்கத்தின் காரியதரிசிப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்த குற்றத்துக்காக அதை என் தலையில் கட்டினார்கள். கிளிநொச்சிக் குடியேற்றத்தில் எங்கள் வாய்க்கால் பக்கத்து இளந்தாரிகள் நடத்திய சங்கம் அது. தலைவர் வீரகத்தி. நெல்மூட்டையை அநாயாசமாகத் தூக்குவான், பேனாவைத் தூக்கச் சொன்னால் வியர்த்துவிடும். அதனால் மூன்று வருடமாக எழுத்து வேலை முழுவதும் என்னுடையது. மைதானத்துக்குக் காணி கேட்டு அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரிக்குப் பதினாறு கடிதம் எழுதினேன். பதினேழாவதுக்குத்தான் மனமிரங்கினார்கள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு அதே மைதானத்தில் கனகராயன்குளத்தாரைக் கரப்பந்தாட்டத்தில் வென்றோம். ஆடியவர்களுக்கெல்லாம் மாலை போட்டார்கள். வலை கட்டியவனுக்கும் மாலை. இளநீர் வெட்டிய சிற்றம்பலத்துக்குக்கூட மாலை. நான் மட்டும் வெறுங்கழுத்தோடு நின்று நன்றியுரை வாசித்தேன். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. மாலைக்கு ஆசைப்படவில்லை என்றால் அது பொய். மாலை போகட்டும், ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையே இராசினாமாக் கடிதம் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. சங்க விதிகளை எழுதிவைத்த எங்கள் யாப்பின்படி கடிதங்கள் யாவும் காரியதரிசிக்கே வரவேண்டும், அவரே கூட்டத்தில் வாசிக்கவும் வேண்டும். அந்த யாப்பை எழுதிய புண்ணியவானும் நான்தான். ஆகவே என் கடிதத்தை நானே பெற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானே எழும்பி வாசித்தேன். எழுதியவர் நல்லாய் எழுதியிருக்கிறார் என்று சிற்றம்பலம் பாராட்டினான்.

பிறகு தீர்மானம் போட்டார்கள். இராசினாமாவை ஏற்பதில்லை, மனம் மாறும்படி கேட்டு யோகநாதனுக்கு உருக்கமாக ஒரு கடிதம் அனுப்புவது. யோகநாதன் என்பது நான். கடிதம் எழுத வேண்டியவர் காரியதரிசி.

எரிச்சலோடு வீட்டில் வந்து குந்தினேன். கடமைக்கு நாலு வரி போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அரைகுறையாக எழுத எனக்கு வராது. அயராத உழைப்பு, தன்னலமற்ற சேவை என்று பேனா தன்பாட்டில் ஓடி இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. வாசித்துப் பார்த்தபோது கண் கலங்கியது. உடனேயே வெட்கமாகவும் போய்விட்டது. இத்தனை புகழ்ச்சியையும் எனக்குச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை.

தலைவரின் கையொப்பம் வேண்டும் என்று சைக்கிளில் வயலுக்குப் போனேன். வீரகத்தி சேற்றுக் கையை இடுப்பில் மடித்துக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுக் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"எல்லாம் சரியடாப்பா. ஆனா இது நீ எழுதினதெல்லோ," என்றான்.

பேனாவை வாங்கி, சைக்கிள் இருக்கையில் தாளை வைத்து, நாக்கைக் கடித்தபடி கீழே ஏதோ எழுதிக் கையொப்பமும் போட்டான். அதற்குக் கால்மணி நேரம் எடுத்தது. பிறகு தாளை மடித்துத் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வயலுக்குள் இறங்கிவிட்டான்.

வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்திப் பிரித்துப் பார்த்தேன்.

"நீ எளுதாட்டி நாங்கள் சங்கமிள்ளை. சும்மா கொஞ்ச இளந்தாரியல்."

அதில் மூன்று எழுத்துப் பிழைகள். திருத்த மனம் வரவில்லை. கடிதம் சங்கத்துக் கோப்புக்குப் போகவேண்டியது, ஆனால் அதை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.