கைமாறிய கல்லறை

எங்கள் டச்சு லிம்பர்க் பக்கத்தில், இரண்டாம் உலகப் போரில் எங்களை மீட்க வந்து செத்த ஒவ்வொரு அமெரிக்கச் சிப்பாயின் கல்லறைக்கும் பூ வைக்க ஒரு குடும்பம் உண்டு. எங்களுக்கு வால்டர். பிள்ளையில்லாத என் மனைவி ஹெர்மின், அவனைத்தான் பிள்ளை என்பாள்.

போன மாதம் வால்டரின் பேரன் அமெரிக்காவிலிருந்து வந்தான். அவள் சுட்ட செர்ரி வ்லாய் கேக்கை வாய் நிறையத் தின்றுகொண்டே சொன்னான்: "பாட்டி, அந்தப் பழைய ராணுவக் கூட்டணியெல்லாம் இனி செல்லாது. அடுத்த சண்டைல எங்க பசங்க உங்களுக்காகச் சாக மாட்டாங்க. இத்தனை வருஷம் ஓசியிலயே பொழச்சிட்டீங்க."

"அப்ப உன் தாத்தாவுக்கும் ஓசிப் பூ கெடயாதுடா," என்றேன்.

கல்லறையைத் தத்தெடுத்த பதிவு என் பேரில் இருந்தது. மறுநாளே போய்க் கல்லறையை விட்டுக்கொடுத்தேன். அதற்குக் காத்திருக்கிறவர்கள் நிறைய.

"செத்தவன் என்ன பண்ணான், ஷெங்?" என்று என் பேரைச் சொல்லி அழுதாள் ஹெர்மின்.

"ஒண்ணும் பண்ணல. நம்ம புள்ளயும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அவள் பூவோடு கிளம்பினாள். நானும் போனேன். வால்டரின் கல்லறையில் வேறு யாரோ வைத்த பூ இருந்தது. அங்கே நின்ற இளம்பெண் பணிவாகக் கேட்டாள்: "நீங்க இவருக்குச் சொந்தமாம்மா?"

ஹெர்மின் என்னைப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள். கொண்டுவந்த பூவைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை.